வினையெச்சம்

வட வேல்ஸில், பிளைனாயில்
மழைக்கு விடுமுறை கிடையாது.
மலை சிலேட்டு, கூரை சிலேட்டு, வேலியும் சிலேட்டு.
எலினெட்டின் கோழிக்கொட்டிலில்
அவை உறங்கும் கம்புக்கு அடியிலும் ஒரு சிலேட்டுப் பலகை.
இரவெல்லாம் மூன்று கோழிகள் அதில் எழுதும்.
விடிந்ததும், பல் விளக்குவதற்கும் முன்னால்,
கையில் சுரண்டியோடு அவள் படிப்பாள்.

சுருண்டு திரண்டு
தலையில் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தால் நலம்.
பழுப்பாய், கூழாய், மூக்கைப் பொத்தவைப்பது
குடல் தன் மூலைமுடுக்கைக் கூட்டித் தள்ளுவது;
அதுவும் நலம்தான்.

பிப்ரவரி மூன்றாம் வாரம் எழுத்து கலைந்தது.
நீர். மறுநாளும் நீர்.
நடுவில் நூல்போலச் சிவப்பு.

யாருடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை.
பொருளாளரும் செயலாளரும்
பின்பக்கம் வெளுத்த பஞ்சு.
மேயர்தான்.
மார்பை நிமிர்த்திக் கொல்லையை வலம்வரும் மேயருக்கு
வாலுக்குக் கீழே, இறகோடு இறகாய்க் காய்ந்து
கொத்துக் கொத்தாய்க் கட்டி,
பதவிப் பதக்கங்களை இடம் மாற்றிக் குத்தியதுபோல.

இரும்புக்கடையில் ஆணி நிறுக்கும்போதும்
கண்ணுக்குள் அந்தச் சிவப்பு.
மூன்று நாள் எச்சத்தைச் சிமிழில் சேர்த்து
உறைக்குள் உறையிட்டு
தபால் ஆபீசில் நின்றாள்.
“உள்ளே மதிப்புள்ள பொருள் ஏதாவது?” என்றான் ரின்.
யோசித்தாள்.
“இனிமேல்தான் தெரியும்.”

ஆறு நாள்.
வெள்ளரித் துண்டை நிறுத்தினாள். முட்டைக்கோஸை நிறுத்தினாள்.
தண்ணீர்க் குவளையைக் கொதிநீரில் அலசினாள்.
தன் குற்றமாகக்கூடிய எதையும் விட்டுவைக்கவில்லை.
பதில் வந்தது:
புழு முட்டை இல்லை. ரத்தக் கழிச்சல் கிருமி இல்லை.

வியாழன் கடைக்கு அரை நாள்.
கொல்லைக் கதவைத் திறந்தபோது
மதிலுக்கு மேலே ஒரு கை,
மணிக்கட்டு வரை ஊதா.
கையில் கவிழ்ந்த கண்ணாடிப் புட்டி.
காடியில் ஊறிய பீட்ரூட் வட்டம் வட்டமாய் விழ,
மற்ற இரண்டையும் அண்டவிடாமல்
கீழே மேயர்.

பிடிபட்ட கைக்கு இறங்கத் தெரியவில்லை.

“லோவ்ரி போட்டது,” என்றான் இத்வல், மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து.
“முப்பத்தோரு புட்டி.
பாங்கருக்கு அவள் கொண்டுபோனது
தையல் மிஷினும் நாயும் மட்டும்.
எனக்குப் பீட்ரூட் பிடிக்காது. என்றைக்குமே பிடித்ததில்லை.
தொட்டியில் போட்டால் குப்பை வண்டி எம்ரிஸ் பார்ப்பான்.
எம்ரிஸ் பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி.”

ஆய்வகக் கட்டணம், ஆறு நாள் தூக்கம்
எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தன.
“கோழி பிடிக்கத் தெரியுமா?” என்றாள்.

சமையலறைத் தொட்டியில் முழங்கை பொறுக்கும் சூடு,
குழந்தை சோப்பு ஒரு சொட்டு.
அவன் இறக்கை இரண்டையும் அணைத்துப் பிடிக்க
மேயர் இடுப்பு வரை இறங்கியது.
ஒரு துள்ளல், ஒரு வசவு,
பிறகு கண் பாதி செருகிற்று.

காய்ந்தது இளகப் பதினைந்து நிமிடமாகும்.
அதுவரை பேச அவனிடம் எதுவும் இல்லை, அவளிடமும்.
இழுக்கக் கூடாது; இழுத்தால் தோலும் வரும்.
தானே விட்டது போக
விடாததை மட்டும்
சின்னக் கத்தரியால், இறகு இறகாக,
ரத்தக் குருத்தில் படாமல் நறுக்கினாள்.
தண்ணீர் சாம்பலாகி, பச்சையாகி
ஓரத்தில் லேசாகச் சிவந்தது.

“இன்னும் எத்தனை புட்டி?”
“இருபத்திரண்டு.”

ஹேர் டிரையர் ஓயும்போது
அவன் மடியில் இரண்டு மடங்காய் உப்பியிருந்த மேயர்
அவனுடைய நல்ல கால்சட்டையில் எழுதியது.
எலினெட் கண்ணாடியை ஏற்றிக் குனிந்து படித்தாள்.
இன்னும் நீர்தான். இன்னும் சிவப்புதான்.

இத்வல் எழுந்திருக்காமல்
துணியை வாங்கி, துடைத்து,
கோழியை மடியிலேயே திருப்பி உட்காரவைத்து,
அவள் கெட்டிலில் இரண்டு பேருக்குத் தண்ணீர் பிடித்து,